பழைய லாரியின் கமான் பட்டை: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் குவாரியிலோ செங்கல் சூளையிலோ பல வருடமாக நின்றுபோன பழைய லாரியை வாங்கி, அதன் பழைய உருவத்துக்கே கொண்டுவர நினைப்பவர்கள் என்ஜினைத் தைரியமாகத் திறக்கிறார்கள், கேபினைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வண்டியைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்கான கமான் பட்டையில் வந்துதான் தடுமாறுகிறார்கள். பட்டைக் கடைக்காரர் “செட்டோட தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க” என்பார். கூட வந்த பழைய டிரைவர் “அந்தக் கால இரும்பு தம்பி, தட்டிப் போட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்” என்பார். இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. எந்தப் பாதி என்பதற்குத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டு வைத்து 1954 முதல் 1969 வரை ஜாம்ஷெட்பூரில் செய்த லாரிகள், அதன்பின் டாடா பெயரிலேயே ஓடிய மூக்கு வைத்த 1210, எண்ணூரிலிருந்து வந்த லேலண்ட் காமெட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் ஒரு ஆக்சில், நான்கு மூலையிலும் அடுக்குப் பட்டை. பழைய ஜீப்புக்கும் இதே கணக்குதான். அளவு மட்டும் சிறியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் கமான் பட்டை லோடை மட்டும் தாங்குவதில்லை. ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுவேதான். பிரேக் போடும்போது பின்னோக்கி இழுக்கும் விசையும், கிளம்பும்போது முன்னோக்கித் தள்ளும் விசையும் அடுக்கின் மேலே, இரண்டு நுனியும் கண்ணாகச் சுருண்டிருக்கும் மெயின் பட்டை வழியாகத்தான் சேசிஸுக்குப் போகின்றன. அது விட்டுப்போனால் ஆக்சிலைப் பிடித்திருக்க வேறு கம்பி கிடையாது. இதனால்தான் மெயின் பட்டைக்கு ஒரு நியாயம், கீழ்ப் பட்டைகளுக்கு வேறு நியாயம்.

பட்டை உட்கார்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டுமா?

அது ஒன்றே காரணம் என்றால் வேண்டியதில்லை. பட்டை உட்கார்வது வேறு, பட்டை தளர்வது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

எஃகு பழசானால் அதன் விறைப்பு குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு பட்டை எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதை அதன் நீளம், அகலம், தடிமன் மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. தடிமன் குறையாதவரை, நாற்பது வருடம் ஓடிய பட்டையும் டன்னுக்கு ஏறக்குறைய அன்று இறங்கிய அளவுதான் இன்றும் இறங்கும். மாறியிருப்பது அதன் வளைவு. தாங்க வேண்டியதற்கு மேல் பல வருடம் சுமந்ததால் நிரந்தரமாகக் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வண்டி ஒன்றிரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கும், சேசிஸுக்கு அடியில் ஆக்சில் முட்டி நிற்கும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் சீக்கிரம் முட்டும். இனி பத்து டன் ஜல்லி ஏற்றப்போவதில்லை, விழாவுக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டப்போகிறீர்கள் என்றால், சீராக உட்கார்ந்த பட்டையோடு நன்றாகவே ஓட்டலாம்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. வெறும் வண்டியிலேயே பட்டை நேர்கோடாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ நின்றாலும் அப்படித்தான். அது வயதால் வந்த தாழ்வு அல்ல. உள்ளே எங்கேயோ முறிந்திருக்கிறது, அல்லது தாங்க முடியாத அளவுக்கு வளைந்து முடிந்துவிட்டது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? எப்படி அளப்பது?

கண்ணை நம்பாதீர்கள். பழைய லாரியில் பாடியே கோணலாக இருக்கும். டீசல் டேங்க் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். பாடி சாய்ந்திருப்பதை வைத்துப் பட்டைமேல் பழி போடக்கூடாது.

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். பட்டைகளுக்கு இடையில் உரசல் இருப்பதால், நிறுத்திய இடத்திலேயே அளந்தால் தப்புக் கணக்கு வரும். ஆகவே வண்டியை நாலைந்து தடவை முன்னும் பின்னும் உருட்டி ஆட்டிவிட்டு, ஆக்சிலின் மேற்பக்கத்திலிருந்து சேசிஸ் கீழ்ப்பக்கம் வரை நான்கு மூலையிலும் அளவெடுங்கள்.

அடுத்து எனக்குப் பிடித்த சோதனை. 50 கிலோ சிமென்ட் மூட்டை 20 எடுத்து, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, குறுக்குவாட்டில் சமமாக அடுக்குங்கள். ஒரு டன் ஆயிற்று. மறுபடி ஆட்டிவிட்டு அளங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால், முதலில் உயரம் வேறாக இருந்தாலும் விறைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் அந்தப் பக்கம் பட்டை மெலிந்திருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது. கடைக்காரரிடம் போகும் முன்பே பாதி விஷயம் கையில் வந்துவிடும்.

இன்னும் ஒரு டேப் அளவு மிச்சம் இருக்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால் ஆக்சில் இடம் நகர்ந்திருக்கிறது. பின்னால் வருபவர் கண்ணுக்கு வண்டி குறுக்காக ஓடுவதுபோல் தெரிவது இதனால்தான். பெரும்பாலும், பட்டைகளை நடுவில் துளைத்து ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கும்.

பட்டை எங்கே முறியும்? எங்கே தேட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். வண்டியில் மாட்டியிருக்கும்போதே பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று முடிப்பது வேலைக்கு ஆகாது. பட்டையைக் கழற்றி, அடுக்கைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் பேச்சே.

முதல் இடம் நடு ஓட்டை. சென்டர் போல்ட்டுக்காகத் துளைத்த இடம் என்பதால் அங்கே பட்டை ஏற்கெனவே பலம் குறைந்தது. அடுக்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை நடுப்பகுதி அசையாது. அங்கே வளைவே வராது, ஓட்டையால் பாதகமும் இல்லை. யூ போல்ட் தளர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த ஓட்டை வளைந்து நிமிர்கிறது. விரிசல் ஓட்டையின் விளிம்பில் தொடங்கிக் குறுக்காக ஓடும். நடுவில் இரண்டாக முறிந்த பட்டையைப் பார்த்தால் இரும்பைத் திட்டுவதற்கு முன் யூ போல்ட்டைப் பாருங்கள்.

இரண்டாவது, யூ போல்ட் பிளேட்டின் விளிம்பு அழுத்தும் கோடு. அசையாத பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கும் இடம் அது. மேற்பக்கத்தைக் கவனியுங்கள்: லோடு ஏறும்போது பட்டை நிமிர்கிறது, அப்போது குழிந்த மேல்முகம் இழுபடுகிறது. சோர்வு விரிசல் பெரும்பாலும் அந்த முகத்திலிருந்துதான் கிளம்பும்.

மூன்றாவது, மெயின் பட்டையின் கண். சுருட்டிய இடம் கொஞ்சம் விரிந்து, உள்ளே இருக்கும் புஷ் (பின் நுழையும் குழல்) கையால் திருப்பினாலே சுற்றுகிறது என்றால் அந்தப் பட்டையோடு விவாதம் வேண்டாம். கண் சுருள் தொடங்கும் வளைவில் முடி அளவு கோடு தெரிந்தாலும் அப்படியே.

நான்காவது இடம் அவ்வளவு ஆபத்தானதல்ல, ஆனால் எல்லா வண்டியிலும் இருக்கும். கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையின் அடியில் உரசி உரசிப் பள்ளம் போட்டிருக்கும். நகம் தட்டுப்படுகிற அளவுக்கு மேல் ஆழமாக இருந்தால் அந்தப் பட்டையை ஒதுக்குங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்கக் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயும் வெள்ளைப் பூச்சும் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய பட்டறை வழி இருக்கிறது: சுத்தம் செய்த பட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையில் கருங்கோடு போடும். தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் கேட்கும் வழக்கமும் உண்டு. முறியப்போகும் பட்டை மந்தமாகச் சத்தம் கொடுக்கும் என்பது சரிதான், ஆனால் சிறு விரிசலைக் காது காட்டிக்கொடுக்காது.

துரு எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

மேலே படிந்த செந்துரு ஒன்றும் செய்யாது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே அடுக்கடுக்காக வளர்ந்து அவற்றை விலக்கித் தள்ளும் துருதான் ஆளைக் கொல்லும். அது இரண்டு வேலை செய்கிறது: தடிமனைத் தின்கிறது, குழி போடுகிறது.

தடிமன் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 12 மி.மீ. இருந்த பட்டை 11 மி.மீ. ஆகிவிட்டால், குறைந்தது ஒரே ஒரு மில்லிமீட்டர் என்று தோன்றும். விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் போயிருக்கும். அதனால் வெர்னியர் வைத்து அளங்கள். நடுவில் யூ போல்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த பகுதியில் ஓர் அளவு, வெளியே துரு தின்ற பகுதியில் ஓர் அளவு. நடுப்பகுதி அவ்வளவாகத் தேய்ந்திருக்காது என்பதால் பழைய தடிமனை அதுவே சொல்லிவிடும். நுனியில் வேண்டுமென்றே தட்டி மெல்லிசாக்கிய பட்டைகள் உண்டு, அவற்றின் நுனியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழிகள் அதைவிட மோசம். ஒவ்வொரு குழியும் ஒரு விரிசலுக்கான தொடக்கம். மேல்முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த மெயின் பட்டையை நான் வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன், தடிமன் சரியாக இருந்தாலும்கூட.

வண்டி எங்கே உழைத்தது என்று விசாரியுங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு லோடு ஏற்றிய வண்டி, கடற்கரையோரம் மீன் ஏற்றிய வண்டி என்றால் பட்டையைப் பிரிக்கும் முன்பே புது செட்டுக்குக் காசு எடுத்து வைத்துவிடலாம். உள்நாட்டில் நெல்லும் செங்கல்லும் ஏற்றிய வண்டியில் பட்டை ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கும்.

வண்டி தடதடக்கிறது, ஸ்டியரிங் அலைகிறது. பட்டை போய்விட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. பட்டையின் கண்ணைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். இந்த லாரிகளில் புஷ் பித்தளை வகை உலோகத்தில் செய்தது. கிரீஸ் நிப்பிள் அடைத்துப்போய், வருடக்கணக்கில் கிரீஸே போகாமல் பின் பாதியாகத் தேய்ந்திருப்பது சாதாரணம்.

சேசிஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டையிலிருந்து எடை இறங்கியதும் கண்ணுக்குப் பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். மேலும் கீழும் ‘டொக்’ என்று ஆடினால் பின்னும் புஷ்ஷும் மாற்ற வேண்டியவை. இதற்கு ஆகும் செலவு புது பட்டை செட்டில் சிறு பங்குதான். பட்டையை மாற்றிப் பின்னை மாற்றாமல் விட்டால் தடதடப்பு அப்படியே இருக்கும். அப்புறம் புதுப் பட்டை மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்.

ஒரு பட்டை மட்டும் முறிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

கீழ்ப் பட்டை என்றால் மாற்றலாம், ஆனால் வளைவு பொருந்த வேண்டும். பிரித்து வைத்த பட்டைகளைக் கவனித்தால் கீழே போகப்போக வளைவு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். சென்டர் போல்ட் போட்டு இறுக்கும்போது அவை ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உட்காரும். அந்த முன்னழுத்தம் மெயின் பட்டையின் சுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது. உட்கார்ந்துபோன பழைய அடுக்கில் ஆலை வளைவோடு ஒரே ஒரு புதுப் பட்டையைச் செருகினால், எல்லோருடைய சுமையையும் அதுவே தூக்கும். சீக்கிரம் அதுவே முறியும். ஆகவே புதுப் பட்டையைப் பழைய அடுக்கின் வளைவுக்கு ஒத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்கிய பின், இறுக்கிய நிலையில், ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல் பட்டையைத் தொடுகிறதா என்று மெல்லிய தகடு விட்டுப் பாருங்கள். நுனியில் வெளிச்சம் தெரியக்கூடாது.

மெயின் பட்டை முறிந்திருந்தால் அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் போன காரணம் மறுபக்கத்துக்கும் பொருந்தும்.

தட்டிக் கேம்பர் (வளைவு) ஏற்றினால் போதாதா?

இதைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. என்னுடையது இது: விழா வண்டிக்குக் கீழ்ப் பட்டைகளில் செய்யலாம், உழைக்கப்போகும் வண்டிக்குப் பணத்தைச் சேர்த்து வைத்துப் புதுசே போடலாம்.

காரணம் சொல்கிறேன். ஆலையில் புதுப் பட்டையை முடிக்கும்போது, லோடு வரும் திசையிலேயே ஒரு தடவை அளவுக்கு மேல் அழுத்தி எடுப்பார்கள். அதனால் உட்கார வேண்டிய கொஞ்சம் அங்கேயே உட்கார்ந்துவிடும், மேல்முகத்தில் நமக்குச் சாதகமான ஓர் உள்ளழுத்தமும் தங்கும். நல்ல ஆலைகள் அதே முகத்தில் சிறு எஃகுக் குண்டுகளைத் தெறிக்கவிட்டு இன்னும் பலப்படுத்துவதும் உண்டு. குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி வளைவு ஏற்றும்போது இதற்கு நேர் எதிர்த்திசையில் வளைக்கிறோம். ஆலை கொடுத்த அந்த நன்மை கலைந்துபோகிறது. தட்டிய பட்டை சில மாதத்தில் மறுபடி உட்கார்ந்துவிடுவது பட்டறைக்காரர் ஏமாற்றியதால் அல்ல, எஃகின் குணமே அப்படி.

சரி, சூடு காட்டிச் செய்தால்? முறையாகச் செய்தால் நல்லதுதான். முழுப் பட்டையையும் உலையில் 850 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சீராகக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். உலையும் எண்ணெய்த் தொட்டியும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கேஸ் டார்ச்சை ஓர் இடத்தில் பிடித்துச் சிவக்கவைத்து வளைக்கிற ஆளிடம் பட்டையைக் கொடுக்காதீர்கள். சிவந்த இடம் மிருதுவாகிவிடும், அதன் ஓரம் வேறு மாதிரி ஆகிவிடும், அடுத்த பெரிய பள்ளத்தில் அங்கேயே மடியும்.

முறிந்த பட்டையை வெல்டிங் வைக்கலாமா?

கூடாது. பட்டைக்குப் பக்கத்தில் வேறு எதையாவது வெல்டிங் வைக்கும்போதுகூடத் தீப்பொறி பட்டைமேல் விழாமல் சாக்கைப் போட்டு மூடுங்கள்.

முந்தைய ஓனர் கூடுதலாகப் பட்டை சேர்த்திருக்கிறார். எடுத்துவிடலாமா?

எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பழைய லாரிகளில் ஆலை அடுக்கு அப்படியே இருப்பது அபூர்வம். 1210 என்ற பெயரில் 12 என்பது லோடோடு சேர்த்த மொத்த எடை டன்னில், 10 என்பது சுமார் 100 குதிரைத் திறன் என்பதற்கான குறி. பென்ஸின் பெயர் வைக்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. அந்த 12 டன்னை யாரும் மதித்ததில்லை என்பது நமக்குத் தெரியும். மணலும் கருங்கல்லும் ஏற்ற இரண்டு மூன்று பட்டை சேர்ப்பார்கள், அதிக லோடு ஏறும்போது மட்டும் சுமை தாங்கும் ஹெல்பர் பட்டைக்கு மேல் இன்னொரு ஹெல்பர் வைப்பார்கள்.

அந்த வண்டியைக் காலியாக ஓட்டினால் பட்டை அசையவே அசையாது. ஒவ்வொரு அடியும் நேராகச் சேசிஸுக்குப் போகும். பட்டை பிராக்கெட்டின் ரிவெட் தளர்வதும், அதைச் சுற்றிச் சேசிஸில் விரிசல் விடுவதும் இப்படித்தான். புதுப்பிக்கும்போது அந்த இடங்களையும் சுரண்டிப் பாருங்கள்.

எத்தனை பட்டை கூடுதல் என்று கண்டுபிடிப்பது எளிது. இடது வலது எண்ணிக்கை ஒத்துப்போகாது, அல்லது சில பட்டைகளின் அகலம் ஒரு நூல் வித்தியாசப்படும், நுனி வெட்டு வேறு மாதிரி இருக்கும். அந்த மாடலின் உதிரிபாகப் புத்தகம் கிடைத்தால் சந்தேகமே இல்லை. பழைய உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் எண்ணெய்க் கறையோடு ஒரு பிரதி வைத்திருப்பார். கூடுதல் பட்டையை எடுத்தபின் யூ போல்ட் நீளமாகிவிடும். எப்படியும் அதைப் புதுசு போடத்தானே போகிறோம்.

யூ போல்ட்டைத் திரும்பப் போடலாமா?

வேண்டாம். ஒரு தடவை முழு இறுக்கத்துக்குப் போன யூ போல்ட்டின் மரை இழுபட்டிருக்கும். அதை மறுபடி போட்டால் இறுகியது போலத் தெரியும், ஆனால் பிடிக்காது. நடு ஓட்டையில் பட்டை முறிவதற்கு மூல காரணமே இதுதான் என்று மேலே சொன்னேன். சென்டர் போல்ட்டையும் சேர்த்துப் புதுசு போடுங்கள். சாதாரணக் கம்பியை வளைத்து மரை போட்டுத் தருவதை வாங்காதீர்கள், ஹை டென்சைல் கேளுங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருதடவை இறுக்குங்கள். பெயின்டும் துருவும் நசுங்கிப் பட்டைகள் படிந்ததில் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் ஒரே அளவுகோலா?

இல்லை. பின்னால் ஒரு பட்டை போனால் வண்டி சாயும், டயர் பாடியில் உரசும், ஓரம் கட்டிவிடலாம். முன்னால் மெயின் பட்டை போனால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நழுவும், ஸ்டியரிங் கம்பி அதோடு சேர்ந்து இழுக்கும், வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். முன் மெயின் பட்டையும், இரண்டாம் பட்டை கண்ணைச் சுற்றி வந்திருந்தால் அதுவும், சந்தேகம் என்று தோன்றினாலே மாற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்னால் ஹெல்பர் பட்டைகளில் தாராளமாகக் கஞ்சத்தனம் காட்டலாம். காலியாக ஓடும் வண்டியில் அவை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

புது செட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழைய மெயின் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கண் நடுவிலிருந்து சென்டர் போல்ட் வரை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளங்கள். பல பட்டைகளில் ஓட்டை சரிநடுவில் இருக்காது, ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. மொத்த நீளம் சரியாக இருக்கிறதே என்று வாங்கிவந்து மாட்டினால் ஆக்சில் முன்னேயோ பின்னேயோ போய் நிற்கும். கண்ணின் உள்விட்டம், பட்டையின் அகலம், தடிமன், எண்ணிக்கை எல்லாம் எழுதி எடுத்துப் போவது நல்லது.

இரும்பு என்னவென்று கேளுங்கள். சிலிக்கன்-மாங்கனீஸ் சேர்ந்த ஈ.என்.45, குரோமியம் சேர்ந்த எஸ்.யு.பி.9 போன்ற பெயர்களை நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். பட்டையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்க வேண்டும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் தழைத்த ஊர்களில் பட்டைப் பட்டறைகள் நிறைய. பழைய மாடலுக்குப் பட்டை வெட்டி வளைத்துத் தரும் ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். சென்னையில் புதுப்பேட்டையில் பழைய பட்டையே செட்டாகக் கிடைக்கும். அப்படி வாங்குவதையும் மேலே சொன்னபடி மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளியே புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து அடுக்கியிருந்தால் இன்னும் கவனமாக.

நானே வீட்டில் கழற்றலாமா?

சேசிஸ் உறுதியான ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. ஆக்சிலுக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள். வெளியே எடுத்த அடுக்கின் சென்டர் போல்ட்டைக் கழற்றும்முன் இரண்டு பெரிய கிளாம்ப் போட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டு, நட்டை எடுத்தபின் கிளாம்பை மெல்லத் தளர்த்துங்கள். நேராக நட்டைக் கழற்றினால் பட்டை தெறிக்கும், தாடை உடைந்தவர்கள் உண்டு. பிரித்ததும் ஒவ்வொரு பட்டையிலும் வரிசையும் முன்பக்கம் எது என்பதும் சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

பட்டைகளுக்கு நடுவில் பெயின்டா, கிரீஸா?

உரசும் முகங்களில் தடிப்பாகப் பெயின்ட் அடிக்காதீர்கள், உதிர்ந்து தளர்வு வரும். கிராபைட் கலந்த கிரீஸை மெல்லிசாகத் தடவி அடுக்குங்கள். வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் போதும். பழைய என்ஜின் ஆயிலை வாளியில் தோய்த்துப் பட்டைமேல் அடிக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நாளில் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

பட்டை மாற்றினால் ஆர்.சி.யில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

அதே மாதிரிப் பட்டைக்கு அதே மாதிரிப் பட்டை போட்டால் தேவையில்லை, அது பழுது பார்த்தல்தான். பட்டையை எடுத்துவிட்டு ஏர் சஸ்பென்ஷன் போடுவது, சேசிஸை வெட்டுவது என்று ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாகப் போகும் வேலை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும், முன் அனுமதி வேண்டும். போக்குவரத்து வாகனமாகவே பதிவு இருந்தால் பழைய வண்டிக்கு வருடாவருடம் எப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். முறிந்த பட்டையோடும் தளர்ந்த யூ போல்ட்டோடும் அங்கே போகாதீர்கள்.

கழற்றிய பழைய பட்டையை என்ன செய்வது?

ஆலை முத்திரை தெரியும் நல்ல பட்டைகளை எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வையுங்கள், அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு என்றாவது தேவைப்படும். மற்றதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஊர்க் கொல்லரிடம் கேளுங்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குச் சிவகங்கைச் சீமையில் இன்றும் மதிப்பு, திருப்பாச்சேத்தி பெயரே அதற்குத்தான். கரும்பு வெட்டவும் தேங்காய் உரிக்கவும் கத்தி கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விரிசல் விட்ட துண்டை மட்டும் கொல்லரிடம் தனியாகக் காட்டிக் கொடுங்கள், அவர் அந்த இடத்தை வெட்டிப் போட்டுவிடுவார்.